ஒன்றரை மாதத்தில் தீர்ந்துபோகும் நீலப் பம்ப்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36. பத்து வருடமாக சைனஸ் தொல்லை. காலையில் எழுந்ததும் இருபது தும்மல், மூக்கில் தண்ணீர், கண் அரிப்பு. இரண்டு வருடமாக வீசிங்கும் சேர்ந்துகொண்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் எழுப்பிவிடுகிறது. இரவில் மாண்டெலூகாஸ்ட் – லீவோசெட்ரிசின் மாத்திரை, காலையும் இரவும் டெரிஃபிலின், ஆறு மாதமாகத் தினமும் மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து, முடியாதபோது நீல இன்ஹேலர். அது ஒன்றரை மாதம் வரும். போன வருடம் இரண்டு முறை ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த இன்னொரு இன்ஹேலர் பீரோவில் கிடக்கிறது. "பம்ப் பழகிவிட்டால் விடாது, அதில் ஸ்டீராய்டு வேறு" என்கிறார் மாமியார், எனக்கும் பயம்தான். மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா? ஐதராபாத் மீன் மருந்துக்குப் போகலாமா? சமீபமாகக் கெட்ட கனவும், வகுப்பில் காரணமில்லாத எரிச்சலும் வருகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தும்மலும் இல்லை, மாமியாரின் பயமும் இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "ஒன்றரை மாதம் வரும்" என்று, அந்த வரிதான். நீல இன்ஹேலர் ஒன்றில் 200 அழுத்தம் இருக்கும். 45 நாளில் தீர்கிறது என்றால் நாளொன்றுக்கு நான்கைந்து. வருடத்துக்கு எட்டு பம்ப். வருடத்தில் மூன்று பம்புக்கு மேல் செலவானாலே கடும் இளைப்பு வந்து மருத்துவமனைக்கு ஓடும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று என்ற அளவைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நீங்கள் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

நீலப் பம்பில் இருப்பது சல்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகும்போது அதைத் தளர்த்திவிடும். ஐந்து நிமிடத்தில் சுகம் தெரியும், நான்கைந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஆஸ்துமாவில் தசை இறுகுவது பாதிக் கதைதான். குழாயின் உள்சுவர் வீங்கிச் சிவந்து, சளி சுரந்து, சின்னத் தூசிக்கும் சீறிக்கொண்டு நிற்கிறது. அந்த வீக்கத்தை சல்பியூட்டமால் தொடவே தொடாது. வீக்கம் அப்படியே இருக்க, சுகம் மட்டும் வந்துபோவதால் நோய் முற்றுவது உங்களுக்குத் தெரியாமல் போகிறது. ஆஸ்துமா சிகிச்சைக்கான உலகளாவிய வழிகாட்டி அமைப்பான ஜீனா, 2019ஆம் ஆண்டிலிருந்தே பெரியவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் சல்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவருகிறது. "பழகிவிட்டால் விடாது" என்ற பயம் எந்த பம்புக்காவது பொருந்துமென்றால் நீங்கள் தினமும் எடுக்கும் இந்த நீலப் பம்புக்குத்தான் ஓரளவு பொருந்தும். போதைப் பழக்கம் என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. தினசரி எடுக்க எடுக்க அதற்கு உடல் காட்டும் பதில் மங்கும், குழாயின் சீற்றமும் கூடும். பீரோவில் பூட்டிவைத்த பம்புக்கு அந்தக் குணம் கிடையாது.

ஸ்டீராய்டு பயத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். பீரோ பம்ப் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் புடசொனைடு (ஸ்டீராய்டு) – ஃபோர்மோட்டெரால் (மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து) கலவையாக இருக்கும். அட்டையில் 200/6 என்று போட்டிருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு உள்ளே போவது 400 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு. ஒரு வருடம் தவறாமல் எடுத்தால் மொத்தம் 146 மில்லிகிராம். போன வருடம் சாப்பிட்ட மாத்திரைக்கு வருவோம். வழக்கமாகக் கொடுக்கும் அளவு பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம், ஐந்து நாள்: 200 மில்லிகிராம். இரண்டு முறை என்றால் 400. எடைக்கு எடை புடசொனைடு வீரியம் கூடியது, எனவே இது முழு ஒப்பீடு ஆகாது. ஆனால் மாத்திரை முழுவதும் ரத்தத்தில் கலந்து எலும்பு, சர்க்கரை, கண் என்று எல்லா இடத்துக்கும் போகிறது. பம்பில் வருவது நேராக நுரையீரலுக்குப் போகிறது. விழுங்கிவிட்ட பகுதியில் பத்தில் ஒன்பது பங்கைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது. பம்பைக் கண்டு பயந்து பீரோவில் வைத்தவர், அதைவிடப் பெரிய ஸ்டீராய்டை விழுங்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறார்.

மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. டெரிஃபிலின், மூச்சுக்குழாயைத் திறக்கும் தியோஃபிலின் வகை மாத்திரை. பலன் தரும் அளவுக்கும் படபடப்பு, குமட்டல் தரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ யாராவது சிப்ரோஃபிளாக்சசின் எழுதிக்கொடுத்தால் ரத்தத்தில் இதன் அளவு எகிறிவிடும். வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்கு இது ஈடாகாது. பீரோ பம்ப் ஒழுங்காக ஆரம்பித்துச் சில வாரம் ஆனபிறகு இதை நிறுத்தலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நிறுத்தத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

கெட்ட கனவு, எரிச்சல் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். மாண்டெலூகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை, கோபம், மனச்சோர்வு, அபூர்வமாகத் தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ஆம் ஆண்டு மார்ச்சில் இதற்குக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை போட வைத்தது; வெறும் மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்து பலன் தந்தால் இதைத் தவிர்க்கச் சொன்னது. நம் ஊரில் சளி என்று போனாலே இந்த ஜோடி மாத்திரை பத்து நாளைக்கு வருகிறது, பிறகு பழக்கத்தில் வருடக்கணக்கில் ஓடுகிறது. இந்த வாரமே டாக்டரிடம் சொல்லி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியாகிவிடும். மனம் மிகவும் இருண்டுபோனது போலத் தோன்றினால் அடுத்த வேளைக்குக்கூடக் காத்திருக்காதீர்கள். மாத்திரையை விட்டுவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். தும்மலுக்குத் தனி ஆன்டிஹிஸ்டமின் (அலர்ஜி மாத்திரை) தேவைப்பட்டால் ஃபெக்சோஃபெனடின் 120 மில்லிகிராம் தூக்கம் வரவைக்காமல் வேலை செய்யும். அதைத் தண்ணீரில் போடுங்கள், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு வேண்டாம், உறிஞ்சப்படுவது குறைந்துவிடும்.

இப்போது மூக்கு. "சைனஸ்" என்று நீங்கள் சொல்வது, நம் ஊரில் பத்துப் பேர் சொல்வது போல, மூக்கு அலர்ஜிதான். வெளிநாட்டில் ஹே ஃபீவர் என்பார்கள். வைக்கோலுக்கும் சம்பந்தமில்லை, காய்ச்சலும் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அங்கே புல் பூக்கும் பருவத்தில் வந்துபோகும். இங்கே வருடம் முழுக்க மெத்தையில் வாழும் டஸ்ட் மைட் என்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணியும் கரப்பான்பூச்சியும்தான் முக்கியக் காரணம். மழைக்குப் பிறகு பார்த்தீனியம் பூக்கும் காட்டோரமாகப் பள்ளி இருந்தால் அதுவும் சேரும். மூக்கின் உள்தோலும் மூச்சுக்குழாயின் உள்தோலும் ஒரே தொடர். மேலே வீக்கத்தை அப்படியே விட்டுவிட்டு கீழே இளைப்பை அடக்குவது கடினம். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு அலர்ஜியும் இருப்பது இதனால்தான்.

ஆறு மாதமாக ஊற்றும் அந்தச் சொட்டு மருந்து, சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலினாக இருக்கும். ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைப்பை உடனே திறக்கும். ஐந்து நாளைக்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்க ஆரம்பிக்கும், அந்த அடைப்புக்கு மறுபடி சொட்டு. இப்போது உங்கள் மூக்கை அடைப்பதில் அலர்ஜிக்கு எவ்வளவு பங்கோ சொட்டுக்கும் அவ்வளவு பங்கு இருக்கலாம். இதிலிருந்து வெளியே வர ஒரு வழி: புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை (ஓர் அழுத்தத்தில் 50 மைக்ரோகிராம்) ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு, தினம் ஒரு வேளை என்று தொடங்குங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு பக்க மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். அந்தப் பக்கம் மூன்று நான்கு நாள் மரக்கட்டை போல அடைக்கும். மறுபக்கம் திறந்திருப்பதால் தூங்க முடியும். அது தெளிந்ததும் இன்னொரு பக்கத்தை நிறுத்துங்கள்.

ஸ்ப்ரே "வேலை செய்யவில்லை" என்று நான்காம் நாள் தூக்கிப்போடுபவர்கள்தான் அதிகம். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். அதைவிடப் பெரிய பிழை அடிக்கும் விதம். தலையை அண்ணாந்து, முனையை நடுச்சுவர் பக்கம் வைத்து, அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டையில் கசக்கும், நடுச்சுவர் புண்ணாகி ரத்தம் வரும். தலையைக் கொஞ்சம் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. அப்படிக் கை மாறினாலே முனை தானாக வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். அழுத்தும்போது பூவை முகர்வது போல மெல்ல இழுத்தால் போதும். புதுப் பாட்டில் என்றால் மெல்லிய புகையாக வரும்வரை சில தடவை காற்றில் அடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்ப்ரேக்குப் பத்து நிமிடம் முன் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவினால் மருந்து சளியின் மேல் உட்காராமல் தோலில் உட்காரும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர் (சுமார் 240 மில்லி), அயோடின் சேர்க்காத உப்பு கால் டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே விடாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. பக்கத்துக் கேரளத்தில் அதனால் இறந்தவர்கள் உண்டு. வாசனை சுத்தமாகத் தெரியாமல் இருந்தாலோ ஒரு பக்கம் மட்டும் நிரந்தரமாக அடைத்திருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்த சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் போட்ட ஒரு மணி நேரத்தில் கடுமையாக இளைக்கும். வலி மாத்திரைக்குப் பிறகு மூச்சுத் திணறியது எப்போதாவது நடந்திருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புரோப்ரனலாலும் உங்களுக்கு ஆகாது.

பம்பை இழுக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மருந்து சரியாக இருந்தும் பலன் கிடைக்காமல் போவது இங்கேதான். ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டைச் சுவரில் மோதி நின்றுவிடும். பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாயை இறுக்கி மூடி, ஒரே ஒரு முறை அழுத்துங்கள். நான்கைந்து நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக, ஆழமாக இழுங்கள். பத்து எண்ணும்வரை அடக்கி வையுங்கள். இரண்டாவது தேவையென்றால் அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, மறுபடி முதலிலிருந்து. இரண்டு அழுத்தத்தை ஒன்றாக உள்ளே அடித்தால் துளிகள் ஒட்டிக்கொண்டு சுவரில் படியும். ஒன்றின் பலன்கூடக் கிடைக்காது. முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சையும் குரல் கம்மலும் வரும். நாள் முழுக்கப் பேசும் தொழில் உங்களுடையது. ஸ்பேசரை வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கி, துணியால் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பீரோவில் இருப்பது கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பவுடர் வகையாக இருந்தால் மேலே சொன்ன "மெதுவாக" தலைகீழாகிவிடும். அதில் தள்ளிவிட வாயு கிடையாது, உங்கள் மூச்சின் வேகம்தான் பவுடரைக் கிளப்புகிறது. எனவே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இழுத்தபிறகு திறந்து பாருங்கள், பவுடர் மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். யாரும் இழுத்துக் காட்டாமல் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

அளவு விஷயம். வாரம் இரண்டு மூன்று இரவு எழுந்திருப்பவர், தினம் நீலப் பம்ப் தேடுபவர் என்பதால் 200/6 கலவை காலை ஒன்று, இரவு ஒன்று. இடையில் இளைத்தால் நீலத்துக்குப் பதிலாக அதே பம்பில் இன்னும் ஒன்று என்ற முறை உங்களுக்குப் பொருந்தும். ஃபோர்மோட்டெரால் சல்பியூட்டமால் அளவுக்கே சீக்கிரம் திறப்பதால் இது சாத்தியம். ஒவ்வொரு முறை சுகம் தேடும்போதும் கூடவே கொஞ்சம் வீக்க மருந்தும் போய்விடுகிறது. ஒரு நாளின் உச்ச வரம்பு 12. ஆனால் எட்டைத் தாண்டினாலே அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சால்மெட்டெரால் – புளூட்டிகசோன் என்று எழுதியிருந்தால் இந்த இடைச்சேர்க்கை கூடவே கூடாது. சால்மெட்டெரால் மெதுவாக வேலை செய்வது. பெயரைப் பார்த்து, இந்த முறை தனக்குச் சரிதானா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் இரவு முழுக்கத் தூங்கி, ஓடியாடி இருந்தால் அளவைக் குறைப்பார்கள். சுகமாக இருக்கிறதென்று நீங்களே நிறுத்தினால் மறுபடி அந்த மூன்று மணி இருமல் வந்துவிடும்.

இதற்கிடையில் ஸ்பைரோமெட்ரி என்ற, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள்; நீங்கள் எழுதியதில் அந்தப் பேச்சே இல்லை. பம்ப் மருந்து கொடுத்தபின் ஒரு நொடியில் ஊதும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா உறுதி. வீட்டில், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவி போதும்: நின்றுகொண்டு, நிறைய இழுத்து, ஒரே ஊதாகப் பலமாக. மூன்றில் எது அதிகமோ அதை, பம்ப் எடுக்குமுன், காலையும் மாலையும் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். உங்கள் சிறந்த அளவு 400 என்று வையுங்கள். 320க்கு மேல் இருந்தால் கவலையில்லை, 320க்கும் 200க்கும் நடுவில் எச்சரிக்கை, 200க்குக் கீழே அவசரம். நூறு உணவுக்கு ரத்தப் பரிசோதனை என்று பெரிய பட்டியல் யாராவது நீட்டினால் பணத்தை வீணாக்காதீர்கள். தயிர், வாழைப்பழம் சாப்பிட்டு உங்களுக்கே ஏதும் ஆனதில்லை என்றால் சாப்பிடுங்கள்.

அவசரம் என்றால் என்ன செய்வது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வையுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டிரண்டு சொல்லாகப் பேசுவது, விலா எலும்பிடை உள்ளிழுப்பது, உதடு நீலம் பாய்வது, விசில் சத்தம் திடீரென்று அடங்கியும் திணறல் அடங்காமல் இருப்பது: இதில் எது வந்தாலும் 108. வண்டி வரும்வரை நேராக உட்காருங்கள். ஸ்பேசரில் நீலப் பம்ப் ஒவ்வொன்றாக நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு சாதாரண மூச்சு போதும், அடக்க வேண்டியதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இதையே திருப்பிச் செய்யலாம், பத்து அழுத்தம் வரைகூடப் போகலாம். இந்த ஒரு வேலைக்காக நீலப் பம்ப் கைப்பையில் இருக்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதில் படுக்கைக்கே முதலிடம். இலவம்பஞ்சுத் தலையணையையும் மெத்தையையும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறையில் போடுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கைபொறுக்காத சூடு அது. விளக்குமாறு போட்டுக் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள், ஒட்டடை அடிக்கும் நாளில் வெளியே இருங்கள். கொசுவத்திச் சுருளை நிறுத்திக் கொசுவலை கட்டுங்கள்: ஒரு சுருள் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி விஷயத்தில் மாமியாரோடு ஒரு சமாதானத்துக்கு வாருங்கள்; நீங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வருடத்துக்கொரு ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐதராபாத்துக்கு ஜூன் மாதம் லட்சக்கணக்கில் போகிறார்கள், தெரியும். உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்க வைக்கிறார்கள். அது ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பம்பையும் ஸ்பேசரையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே கூட்டமும் தூசியும் அதிகம்.

இன்று மாலை பீரோவைத் திறந்து அந்தப் பம்பை எடுங்கள். காலாவதித் தேதி பாருங்கள். பின்பக்கம் எண் காட்டும் கட்டம் இருந்தால் எத்தனை மிச்சம் என்று தெரியும். எண் இல்லாத பம்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். வாய் அடைத்துக்கொள்ளும், மருந்து தீர்ந்தபிறகும் வாயு மிச்சமிருந்து ஏமாற்றும். தொடங்கிய தேதியை ஸ்கெட்ச் பேனாவில் பம்பின் மேலேயே எழுதி வையுங்கள்: 120 அழுத்தம் உள்ளது, தினம் இரண்டு என்றால் அறுபது நாள். நெடுநாள் கிடந்தது என்பதால் முதல் இரண்டைக் காற்றில் அடித்துவிடுங்கள். மூன்றாவது உங்களுக்கு.